பக்கவாதம் வந்த அம்மாவை மலைமேல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள: ஆளுக்கும் பணத்துக்கும் ஒரு கணக்கு

நீங்கள் கேட்டது இதுதான்: நீலகிரியில் கோத்தகிரி பக்கத்து ஹட்டியில் (மலைக்கிராமத்தில்) இருக்கும் 78 வயது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது, கோயம்புத்தூர் மருத்துவமனையிலிருந்து அடுத்த வாரம் டிஸ்சார்ஜ், 24 மணி நேரமும் ஹோம் நர்ஸ் வைத்தால் மாதம் எவ்வளவு ஆகும், இன்சூரன்ஸ் கொடுக்குமா. நீங்கள் பெங்களூரில் வேலையில் இருப்பதாகவும், ஊரில் அண்ணனும் அண்ணியும் மட்டும் இருப்பதாகவும், ஆசிரியராக இருந்து காலமான அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொகை தெரிந்தால் மட்டும் உங்கள் கேள்வி தீராது என்று நினைக்கிறேன். அம்மா தன் வீட்டிலேயே இருக்க முடியுமா, இருந்தால் எந்த வேலையை யார் செய்வது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் உண்மையில் கேட்கிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் நீலகிரியில் அரசு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி வருடங்களில் படுக்கையில் இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதே என் வேலை. உங்கள் அம்மாவையோ டிஸ்சார்ஜ் சீட்டையோ நான் பார்க்கவில்லை. அதனால் மருந்திலும் சாப்பாட்டிலும் அவருடைய டாக்டர் சொல்வதே முடிவு. வீட்டில் செய்யும் ஏற்பாடு எது நிற்கும், எது ஒரு மாதத்தில் குலைந்துபோகும் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

உங்களுக்கு 24 மணி நேர நர்ஸ் தேவைப்படாது என்றுதான் தோன்றுகிறது. ஒரு நாளில் அம்மாவுக்கு நடக்க வேண்டியதை மணி வாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். படித்த நர்ஸ் கை வைத்தே ஆக வேண்டிய வேலை கொஞ்சம்தான்: மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் ட்யூப் இருந்தால் அதை மாற்றுவது, யூரின் ட்யூப் மாற்றுவது, புண்ணுக்கு டிரஸ்ஸிங், ஊசி. இவற்றில் பெரும்பாலானவை தினமும் வருவதில்லை. நாள் முழுக்க இருப்பது உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை: திருப்பிப் படுக்கவைப்பது, வெந்நீரில் துடைத்துவிடுவது, மலம் சிறுநீர் சுத்தம் செய்வது, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது, ஃபிசியோ சொன்ன பயிற்சியைச் செய்யவைப்பது. இதற்குப் பட்டம் வேண்டாம். யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளலாம்; பொறுமையும் முதுகு பலமும் வேண்டும். மூன்றாவது வேலை, சும்மா கூட இருப்பது. ராத்திரி கூப்பிட்டால் எழுந்திருக்க, பகலில் பேச்சுத்துணைக்கு. இந்த மூன்றுக்கும் ஒரே ஆளைத் தேடுவதால்தான் செலவும் ஏறுகிறது, வந்தவரும் நிலைப்பதில்லை.

ஏஜென்சியில் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடப் படிப்பு, பி.எஸ்சி நர்சிங் நான்கு வருடம். படித்து முடித்தவர்கள் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். நர்ஸ் என்று சொல்லி நர்ஸுக்கான கட்டணம் கேட்டால், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. சில வாரப் பயிற்சி பெற்ற உதவியாளரை நர்ஸ் என்று அனுப்புவது நிறைய நடக்கிறது. உங்களுக்கு உதவியாளரே போதும் என்றால் அதில் நஷ்டமில்லை, உதவியாளருக்கான சம்பளத்தைக் கொடுங்கள், அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து வந்து வீட்டோடு தங்கும் உதவியாளருக்கு எனக்குத் தெரிந்த குடும்பங்கள் மாதம் 20,000 முதல் 30,000 ரூபாய் வரை கொடுக்கிறார்கள். சாப்பாடு தனி, ஏஜென்சியின் பதிவுக் கட்டணம் தனி. படித்த நர்ஸ் என்றால் இதைவிட நன்றாகவே கூடும். இந்தத் தொகையை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ளாமல், பேரம் பேச ஓர் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் குளிர். சமவெளியிலிருந்து வரும் பெண்கள் மழையும் பனியும் சேர்ந்த முதல் வாரத்திலேயே கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தரையில் பாய் போட்டு, ஒரு போர்வை கொடுத்து, ராத்திரி நாலு தடவை எழுப்பினால் யார் தாங்குவார்கள்? வருகிறவருக்குக் கட்டில், இரண்டு கம்பளி, ஸ்வெட்டர், குளிக்க வெந்நீர், பூட்டிவைத்துக்கொள்ள ஓர் அலமாரி, இதெல்லாம் முதல் நாளே இருக்கட்டும். ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள் அனுப்புவார்கள், முன்பணம் திரும்பி வருமா, போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா, வாராந்திர விடுப்புக்கு என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் அனுமதி) நடைமுறை வந்தது. ஆளை ஏஜென்சி காரிலோ வாடகைக் காரிலோ அனுப்பினால் அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேருந்தில் வருகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

என் யோசனையைக் கேட்டால், ஏஜென்சிக்குப் போகும் முன் உங்கள் ஊரிலும் பக்கத்து எஸ்டேட் லைன்களிலும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலும்) விசாரியுங்கள். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்த, வயதான மாமியாரையோ அம்மாவையோ கடைசிவரை பார்த்துக்கொண்ட பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வந்து போகிற ஒருவர், வீட்டோடு தங்கும் வெளியூர் ஆளைவிடப் பல வீடுகளில் நன்றாக நிலைத்திருக்கிறார். அம்மாவிடம் பேச அவருக்கு ஊர்க்கதை இருக்கும், குளிரும் பழக்கம். சம்பளம் பேசும்போது தோட்டத்து நாள்கூலிக்கு மேலேயே பேசுங்கள். இல்லாவிட்டால் கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் தோட்டத்துக்கே போய்விடுவார், அது அவருக்கு நியாயமும்கூட. வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, திருவிழா நாட்களுக்கு முன்பே தேதி, சம்பளம் மாதம் பிறந்ததும் அவருடைய வங்கிக் கணக்கில். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஆள் நிற்பார்.

நர்ஸ் வேலைக்கு என்ன செய்வது என்பீர்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலில் பயன்படுத்துங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு ஃபிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு நர்ஸும் வீட்டுக்கு வருவதும் அதில் அடக்கம். கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் ஊருக்கான கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டிஸ்சார்ஜ் சீட்டு நகலைக் கொடுத்து அம்மா பெயரைப் பதியச் சொல்லுங்கள். அண்ணன் ஒரு நடை போனால் முடியும். ஒரு வட்டாரம் முழுவதையும் பார்க்கிறவர்கள் என்பதால் தினமும் வரமாட்டார்கள், அதை எதிர்பார்க்காதீர்கள். வரும் நாளில் உதவியாளரையும் அண்ணியையும் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் அவர்கள் கையாலேயே செய்யவைத்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ட்யூப் மாற்ற, டிரஸ்ஸிங் செய்ய, கோத்தகிரியில் ஓய்வு பெற்ற நர்ஸ் யாரையாவது வருகைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம்.

பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் பொன்னான காலம். அதற்குப் பிறகும் முன்னேற்றம் இருக்கும், ஆனால் வேகம் குறையும். ஆகவே கையில் இருக்கும் பணம் அளவோடுதான் என்றால், முதல் மூன்று மாதத்துக்குத் தனியார் ஃபிசியோவை வாரம் சில நாள் வரவழைப்பதில் செலவழியுங்கள். விலை உயர்ந்த கட்டிலையும் சக்கர நாற்காலியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கட்டிலும், மோட்டாரால் காற்று நிரப்பும் மெத்தையான ஏர் பெட்டும் வாடகைக்கே கிடைக்கும். அம்மாவைத் தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்தும் தூக்கக் கூடாது. அப்படி இழுத்துத் தோள் இறங்கிப்போய், கால் சரியான பிறகும் தோள்வலியால் பயிற்சியே செய்ய முடியாமல் போனவர்கள் உண்டு. விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா என்று மருத்துவமனையில் சோதித்துச் சொல்லாமல் வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம். காபி, ரசம் போன்ற தண்ணியானவைதான் சட்டென்று புரையேறி நுரையீரலுக்குப் போகும். ட்யூப் வழியாகக் கொடுப்பதாக இருந்தால், தலைப்பக்கம் உயர்த்தி வைத்துக் கொடுத்து, கொடுத்த பிறகும் அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும்.

படுக்கைப் புண்தான் வீட்டுப் பராமரிப்பின் தேர்வு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். தினமும் துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தின் மேல் இனி பாரம் படக் கூடாது, நர்ஸுக்கும் அன்றே சொல்ல வேண்டும். ஏர் பெட் போட்டிருக்கிறோமே என்று திருப்பாமல் விடுவது தவறு. நம் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையில் மரம் விழுந்து மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மோட்டார் நின்றால் ஏர் பெட் கொஞ்ச நேரத்தில் காற்றிறங்கித் தட்டையாகிவிடும். அதனால் அதைச் சாதாரண மெத்தையின் மேலேதான் விரிக்க வேண்டும். அதே மழையில் துணி காயாது என்பதால் விரிப்பும் உள்பாவாடையும் இரண்டு மடங்கு வாங்கி வையுங்கள். டயப்பர் ஒன்று 30 முதல் 50 ரூபாய், நாளுக்கு மூன்று என்றால் மாதம் 2,700 முதல் 4,500 வரை. இது கணக்கில் பலரும் மறக்கிற செலவு.

குளிருக்காகச் செய்வதிலும் கவனம் வேண்டும். உணர்ச்சி குறைந்த கால்மேல் வெந்நீர்ப் பை வைத்தால், சுடுவது அவருக்குத் தெரியாது. தோல் கொப்பளித்த பிறகுதான் நமக்குத் தெரியும். பையைப் படுக்கையில் முன்னதாக வைத்துச் சூடாக்கிவிட்டு, அவரைப் படுக்கவைக்கும்போது எடுத்துவிடுங்கள். கரி கணப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நம் மாவட்டத்தில் இப்படித் தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

படுக்கைத் தலைமாட்டில் ஒரு கோடு போட்ட நோட்டு தொங்கட்டும். காலை 6 மணி, இடது பக்கம் திருப்பியது. 7 மணி, பிரஷர் இவ்வளவு, மாத்திரை கொடுத்தது. 8 மணி, கஞ்சி ஒரு டம்ளர், இருமல் இல்லை. சிறுநீர் நிறம், மலம் போனதா, அழுதாரா, பேசினாரா. யார் பார்த்துக்கொண்டாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் அண்ணி அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால், பெங்களூரில் இருக்கும் உங்களுக்குச் சிசிடிவி கேமராவைவிட அதிகம் தெரியும். பார்க்க வரும் டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தை நம் நாட்டுச் சாதாரண மருத்துவக் காப்பீடு கொடுப்பதில்லை. தனி நர்ஸ் கட்டணமும் உதவியாளர் கட்டணமும் கொடுக்கப்படாத செலவுகளின் பட்டியலிலேயே இருக்கின்றன. குடும்ப ஓய்வூதியர்களுக்கான மாநில அரசின் காப்பீடும் மருத்துவமனைச் செலவுக்கானதுதான். தனியார் பாலிசி இருந்தால் இரண்டு பிரிவைப் பாருங்கள். ஒன்று, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு. பல பாலிசிகளில் இது 60 நாள். அந்த நாட்களில் அதே நோய்க்கு வாங்கிய மருந்து, ஸ்கேன், டாக்டர் எழுதிக்கொடுத்த ஃபிசியோ கட்டணம் ஆகியவற்றுக்கு அசல் பில்லோடு கேட்கலாம். இன்னொன்று, மருத்துவமனைக்கு நகர்த்த முடியாத நிலையில் வீட்டிலேயே எடுக்கும் சிகிச்சை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், மருத்துவமனையில் சேர்த்துச் செய்ய வேண்டிய அளவு சிகிச்சையை டாக்டர் மேற்பார்வையில் வீட்டில் எடுத்தால் மட்டும்தான் அது பொருந்தும். உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். அரசு ஓய்வூதியம் இல்லாத குடும்பத்தினர் யாராவது இதைப் படித்தால்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வாங்கி வையுங்கள், மறுபடி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் கை கொடுக்கும்.

ஆகவே மாதச் செலவு அம்மாவின் ஓய்வூதியம், பிள்ளைகள் பங்கு என்ற இரண்டிலிருந்துதான் வர வேண்டும். 80 வயது முடிந்ததும் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். கருவூலப் பதிவில் அம்மாவின் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், குடும்ப ஓய்வூதியர்களுக்கு அது விட்டுப்போயிருப்பது சகஜம். வாழ்நாள் சான்றுக்காக அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வாங்கி டிஜிட்டல் சான்று எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். வலது கை விழுந்தவரால் கையெழுத்துப் போட முடியாது என்று வங்கியில் பணம் முடங்கிவிடும் என்று பயப்படுகிறார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால், அதில் ஒருவர் வங்கி அதிகாரி, கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை செய்யவும் சொல்லியிருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே கூட்டுக் கணக்கு, வாரிசு நியமனம் எல்லாம் முடித்துவிடுங்கள். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று இருக்காதீர்கள், எழுதிக்கொடுத்தவரின் மனநிலை தவறிவிட்டால் அது செல்லாது.

வரிச்சலுகையில், பழைய முறையில் வரி கட்டுகிறவர்கள் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை கழிக்கலாம், ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. உதவியாளர் சம்பளத்தை அதில் சேர்க்கலாமா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளி சான்று பக்கவாதத்தில் உடனே தரமாட்டார்கள், முன்னேற்றம் நின்ற பிறகுதான் மதிப்பிடுவார்கள்.

இனி, நீங்கள் ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன அண்ணி. நீங்கள் எத்தனை ஆள் வைத்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கப்போவது அவர்தான். உதவியாளர் வராத நாளில் எல்லாம் அவர் தலையில்தான் விழும். இதுவரை தோட்டத்தில் கொழுந்து பறித்து வந்த வருமானம் அவருக்கு நின்றுபோகும், வேலை மட்டும் இரண்டு மடங்காகும். பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து பங்கு பிரிக்கும்போது அண்ணன் வீட்டுப் பங்கு அவருடைய உழைப்பாகவே போகட்டும், அதற்கு மேல் மாதம் ஒரு தொகை அண்ணியின் பெயரிலேயே அனுப்புங்கள். சம்பளம் என்று சொல்லத் தயக்கமாக இருந்தால் வேறு எப்படியாவது சொல்லிக்கொள்ளுங்கள், பணம் போக வேண்டும். வாரம் இரண்டு ராத்திரியாவது அவர் முழுதாகத் தூங்க வேண்டும், அந்த ராத்திரிக்கு மட்டும் ஊரில் ஒருவரைக் கூலிக்கு வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் ஒரு வாரம் வந்து இருந்து, அவரை அவர் அம்மா வீட்டுக்கு அனுப்புங்கள். நான் பார்த்த வீடுகளில் ஏற்பாடு குலைந்தது பெரும்பாலும் பணம் தீர்ந்ததால் அல்ல, வீட்டுப் பெண் படுத்துவிட்டதால்.

அவசரத்துக்கு ஒரு வழி இப்போதே முடிவு செய்து, அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல் திடீரென்று வந்தாலோ கூடினாலோ 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதில் கோயம்புத்தூர் இறங்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்தால் குன்னூர் வழி, அதுவும் அடைத்திருந்தால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வீட்டிலிருந்து ரோடு வரை படிகளில் எப்படி இறக்குவது என்பதையும் ஒருமுறை செய்தே பாருங்கள்: கைப்பிடி உள்ள கனமான மர நாற்காலி, இடுப்பில் கட்ட ஒரு நீளத் துண்டு, தூக்க நாலு பேரின் பெயர், போன் நம்பர். பிளாஸ்டிக் நாற்காலி மழையில் வழுக்கும்.

டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வந்ததும் மூன்று விஷயத்தை மட்டும் பார்த்துப் பதில் போடுங்கள்: மூக்கு ட்யூப் இருக்கிறதா, யூரின் ட்யூப் இருக்கிறதா, இப்போதே எங்காவது புண் இருக்கிறதா. மூன்றும் இல்லை என்றால் உள்ளூர் ஆளும் அரசு நர்ஸுமே போதும். ஏதாவது ஒன்று இருந்தால், முதல் மாதத்துக்கு மட்டும் படித்த நர்ஸைப் பகலில் சில மணி நேரத்துக்கு வைப்பது பற்றி மேற்கொண்டு பேசலாம்.